சாயம் ஏறாத தையல்

ஸஹ்லே
18 ஆகஸ்ட் 1993

வதாதுக்கு,

நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்குச் சமையல் வேலைக்குப் போவதாக நீ பெய்ரூத்தில் சொல்லி வருகிறாய். அது தவறு. பிரெஞ்சு ஆசிரியை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத்தான் போகிறேன். தேர்வு செப்டம்பர் ஆறாம் தேதி காலையில். சமையல் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் செய்யும் கிப்பே இறைச்சி உருண்டை உனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆகவே இந்தக் கதையை நீயே நம்பியிருக்க முடியாது.

உன் அண்ணன் வதீ என்னைப் பட்டினி போட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் கேட்பவர்களுக்குச் சொல். வீடு இருக்கிறது, திராட்சைத் தோட்டத்துக் குத்தகை வருகிறது. நான் வேலைக்குப் போவது வேலை செய்வதற்காக. சண்டைக் காலத்தில் கிளம்பிப் போன இளம் ஆசிரியைகள் கனடாவிலும் பிரான்சிலும் தங்கிவிட்டார்கள். பள்ளிக்கு ஆள் இல்லை. மாதா கோவில் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. அது நாற்பத்து நான்கு வருடம் பழையது என்றால், அதற்குப் பிறகு பிரெஞ்சு மொழி ஒன்றும் மாறிவிடவில்லை.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

பள்ளித் தலைவி மதர் கிளெமான்ஸ் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், "மதாம் ஒதெத், ஒரு விஷயம். எங்க வகுப்புல யாரும் கறுப்பு உடுத்தறதில்ல. இந்தப் பிள்ளைங்க அத வீட்டுல பாத்து அலுத்துப்போச்சு," என்றார். அந்தக் கன்னியர்கள் சாம்பல் நிறம் உடுத்துகிறவர்கள், ஆகவே என்னால் திருப்பிக் கேட்க முடியவில்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். கணவனை இழந்தவள் தானாகக் கறுப்பைக் கழற்றுவதில்லை. கணவன் வீட்டார் நிறத்துணியோடு அவள் வாசலுக்கு வந்து, "போதும், மாத்திக்கோ," என்று சொல்ல வேண்டும். வதீ போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் வீட்டாரில் இந்த நாட்டில் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். ஆகவே வந்து சொல்லும்படி உன்னை முறைப்படி கேட்கிறேன். செப்டம்பர் ஆறுக்கு முன்பு வா.

தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் நீ இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. டாக்ஸிக்கார மித்ரியிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

ஒதெத்

*

அண்ணி,

உங்கள் கடிதம் வந்தது. மித்ரி படியேறி வந்து கொடுக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, உங்க அண்ணி பள்ளிக்கூடத்துல சேந்தாச்சா? எந்த வகுப்பு?" என்று கேட்டாள். இதுதான் இங்கே என் நிலைமை.

சமையல் என்று நான் சொல்லவில்லை. "கன்னியர் மடத்துல ஏதோ வேல" என்றேன். மற்றவர்கள் அதைச் சமையலாக்கினார்கள். ஆசிரியை வேலை என்று அவர்களுக்குத் தோன்றாததற்கு நான் என்ன செய்ய? அறுபத்து மூன்று வயதில் முதல் வேலைக்கு யார் போகிறார்கள்? ஓய்வு வாங்குகிற வயதில் நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள்.

அப்பா உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கே சொன்னாரே, "எங்க வீட்டு மருமக சம்பளத்துக்குக் கை நீட்ட மாட்டா" என்று. அப்போது தலையாட்டினீர்கள். இப்போது அவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் போனபிறகு கிளம்புகிறீர்கள். ஊர் என்ன சொல்லும்? வதீயின் தங்கை அண்ணியைத் தெருவில் விட்டுவிட்டாள் என்று சொல்லும். பேர் எனக்குத்தான்.

பிள்ளை பெறாதவருக்கு ஆறு வயதுப் பிள்ளைகளோடு என்ன வேலை? அவர்களுக்கு மூக்கு ஒழுகும். நீங்கள் கைக்குட்டை மடிப்பைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்.

கறுப்பு விஷயம். நான்கு வருடமெல்லாம் ஒரு கணக்கா? என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் பதினைந்து வருடமாக உடுத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு யாராவது துணி கொண்டுவந்தார்களா? செத்தா போய்விட்டேன்? ஒரு மடத்துக்காரி சொன்னாள் என்பதற்காக என் அண்ணனின் துக்கத்தை நான் வந்து முடித்து வைக்க முடியாது.

வர மாட்டேன்.

வதாத்

*

ஸஹ்லே
26 ஆகஸ்ட் 1993

வதாதுக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. ஆகவே எழுதி முடித்ததும் அனுப்பினாயா, இரண்டு நாள் வைத்திருந்து யோசித்து அனுப்பினாயா என்று தெரியவில்லை. யோசித்திருந்தால் பிள்ளை பெறாதவள் என்ற வரியை அடித்திருப்பாய். அடிக்கவில்லை, பதில் சொல்கிறேன். எனக்கும் வதீக்கும் பிள்ளை இல்லை. அதனால் என் பிள்ளைதான் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் எனக்கு இல்லை. வகுப்பில் இருக்கும் முப்பது பேரையும் ஒரே கண்ணால் பார்ப்பேன். உன்னைவிட எனக்கு அது சுலபம். மூக்கு ஒழுகினால் துடைப்பேன். மடித்த கைக்குட்டையால் துடைப்பேன்.

உன் அப்பா சொன்னபோது நான் தலையாட்டியது உண்மை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தக் கோடையில் இதே பள்ளியில் என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அதற்காக என் அம்மா நீலத்துணி எடுத்து உடை தைத்து வைத்திருந்தார். தேர்வு திங்கட்கிழமை. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார். அந்த உடையை நான் ஒருநாள்கூட உடுத்தவில்லை. அலமாரியில் இருந்தது. இந்தத் தேர்வுக்கு உடுத்தலாம் என்று நினைத்து எடுத்தேன். எடுத்தபோதுதான் நினைவு வந்தது, அது இப்போது நீலமில்லை.

வதீயை அடக்கம் செய்த மறுநாள் நீதான் முற்றத்தில் அண்டாவை ஏற்றிச் சாயம் காய்ச்சினாய். என் துணிகளை எல்லாம் கொண்டுவந்து போட்டாய். அலமாரியில் எதையும் விடவில்லை. நான் அறையில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் அப்படித்தான் செய்வார்கள், உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் நிறத்துணியில்லாமல் நான் உட்கார்ந்திருப்பது ஏன் என்று நீ கேட்டால், பதில் உன் கரண்டியில் இருக்கிறது.

அந்த உடையைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். நாற்பது வருடத்தில் நான் சற்று அகலமாகியிருக்கிறேன். பக்கத் தையலைப் பிரித்து விட்டேன். அம்மா நெருக்கமாகத் தைப்பவர். தையலுக்குள் மடிந்திருந்த துணியில் உன் சாயம் ஏறவேயில்லை. இப்போது இரண்டு பக்கமும், அக்குள் முதல் இடுப்பு வரை, விரல் அகலத்துக்கு நீலக் கோடு தெரிகிறது. மசி தடவி மறைக்கலாம். மறைக்கவில்லை.

பாடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேர்வன்று பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். தலைப்பு நிறங்கள். முதலில் சமையலறை நாற்காலிகளுக்கு நடத்தினேன். அவை கவனமாகத்தான் கேட்டன. நேற்று எங்கள் தெருவில் ஜெரியெஸின் அம்மா வீட்டு மொட்டைமாடியில், வேகவைத்த கோதுமையைக் காயப் போட்டுப் பெண்கள் எல்லோரும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அங்கே நடத்திப் பார்த்தேன். கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"மக்தூஸ் நிறம்," என்றாள் ஜெரியெஸின் அம்மா.

"அது நிறம் இல்ல, ஊறுகா."

"எங்க வீட்டுல அது ஊறுகாயாத்தான் வரும், மதாம். பச்சையா பாத்ததே இல்ல."

"கைய தூக்கிட்டுப் பேசணும்."

"கையில கோதும இருக்கு. கால தூக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடைக்கார மிஷேலின் மனைவி ஓரமாக உட்கார்ந்திருந்தவள், "ஒதெத், விளையாட்டில்ல, கேக்கறேன். எதுக்கு இந்த அலைச்சல்? காலாற உக்காரலாம்ல?" என்றாள்.

"உக்காந்துதான் நாலு வருஷம் ஆச்சு," என்றேன். பிறகு ஜெரியெஸின் அம்மா கையைத் தூக்கினாள். கத்தரிக்காயின் நிறத்தைச் சரியாகச் சொன்னாள்.

நீ வராவிட்டாலும் தேர்வுக்குப் போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே, செய்தியாக எடுத்துக்கொள்.

ஒதெத்

*

பெய்ரூத்
30 ஆகஸ்ட்

அண்ணி,

இதோ, தேதி போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நீலக் கோடு இங்கே வந்துவிட்டது. ஞாயிறு பூசையில் உங்கள் தெருக்காரர் ஒருவரின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க அண்ணி கறுப்ப ஓரமா கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க போல. பக்கத்துலேருந்து தொடங்கியிருக்காங்க," என்றாள். நற்கருணைக்கு எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபத்தோடு போய் நாக்கை நீட்டக் கூடாது அல்லவா.

இந்தக் கடிதத்தோடு மித்ரியிடம் ஒரு சாயப் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பெரிய அண்டா வேண்டாம், சின்னச் சட்டியில் காய்ச்சித் துணியால் ஒற்றினால் போதும். அரை மணி நேர வேலை. தேர்வுக்குப் போவதாக இருந்தால் ஒழுங்கான கறுப்பில் போங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நல்லதாகப் போயிற்று.

அந்த உடை உங்கள் அம்மா தைத்தது என்று எனக்குத் தெரியாது. அலமாரியில் தொங்கியதை எல்லாம் எடுத்தேன். என் அண்ணன் செத்துக் கிடந்த வாரம் அது. எனக்குக் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நீங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். எனக்குச் சாத்திக்கொள்ள எந்தக் கதவு இருந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். என் கறுப்பைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவர் அதை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள். என் மாமியார் வீட்டார் எழுபத்து ஒன்பதிலேயே கடல் தாண்டிச் சாவ் பாவ்லோவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். கிளம்பும்போது மூத்த மைத்துனர் சொன்னார், "அடுத்த வருஷம் வர்றப்ப உனக்கு மாத்தி விடுறோம், வதாத்." அவர் அங்கேயே செத்துப்போனார். பிறகு யாரும் வரவில்லை. நான் கழற்றலாம் என்று சொல்ல இந்தப் பூமியில் ஆள் இல்லை. நீங்கள் நான்கு வருடத்தில் அவசரப்படுகிறீர்கள்.

சாயத்தைப் பயன்படுத்துங்கள்.

வதாத்

*

ஸஹ்லே
7 செப்டம்பர் 1993

வதாதுக்கு,

சாயப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை.

நேற்றுத் தேர்வுக்குப் போனேன். நீ சொன்னபடி கறுப்பில்தான் போனேன், ஆனால் நீ சொன்னதற்காக இல்லை. நீ வந்து சொல்லாமல் கழற்றினால் உன் சொல்லுக்குப் பயந்து ஒளிந்து கழற்றியவள் ஆவேன். மதர் சொன்னதற்காகக் கழற்றினால் வேலைக்காகக் கழற்றியவள் ஆவேன். இரண்டும் எனக்கு வேண்டாம். நான் இதை வதீக்காக உடுத்தினேன். மற்ற யாருக்கும் இதில் பங்கு இல்லை. ஆகவே நீலக் கோட்டோடு அந்த உடையிலேயே போய் உட்கார்ந்தேன்.

மதர் கிளெமான்ஸ் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "மதாம், நான் ஒண்ணு சொல்லியிருந்தேனே."

"கேட்டுச்சு, மதர். வேல கிடைச்ச பிறகு பேசிக்கலாம். இப்போதைக்கு இங்க நான் வெறும் விருந்தாளி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் இருமினார். சிரிப்பை இருமலாக்கிய இருமல். பிறகு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஏன் இத்தனை வருடம் வேலைக்கு வரவில்லை என்றும் கேட்டார்கள். "கூப்பிட்டீங்க. அதுக்கு முந்தின நாள் எனக்குக் கல்யாணம் பேசிட்டாங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும்," என்றேன். மதர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அதன்பின் வகுப்பு. விடுமுறைப் பயிற்சிக்கு வந்திருந்த ஆறு வயதுப் பிள்ளைகள். முதல் இரண்டு வாக்கியத்தைப் பிள்ளைகளைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பார்த்தே சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், மித்ரியிடம்கூடச் சொல்லாதே. கத்தரிக்காய், எலுமிச்சை, தக்காளி எல்லாம் ஒழுங்காகப் போயின. தக்காளியை ஒருத்தி கடித்துவிட்டாள். பாதித் தக்காளிக்கும் நிறம் அதேதான் என்று கற்றுக்கொடுத்தேன்.

பிறகு என் கையைத் தூக்கி, உடையைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேட்டேன். மதர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நிறம், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். முன் வரிசையில் இருந்த நதா என்கிற சிறுமி மட்டும் எழுந்து வந்தாள். என் பக்கத்தில் நின்று தையலோரத்தில் விரலை வைத்தாள்.

"இங்க நீலம், மதாம்."

"சரி. அத பிரெஞ்சுல சொல்லு."

சொன்னாள். உச்சரிப்பு சுத்தம். பிறகு அரபியில் கேட்டாள், "உங்க வீட்டுல யாரு செத்தாங்க?"

"என் வீட்டுக்காரர்."

"எங்க அம்மாவும் கறுப்புதான். அப்பாவுக்காக. அம்மா எப்போ கழட்டுவாங்க?"

மதர் எழுந்திருக்கப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்ததைப் பார்த்தேன்.

"அவங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ," என்றேன்.

"யாராவது வந்து சொல்லணும்னு பாட்டி சொல்றாங்க. யாரும் வரலன்னா?"

எனக்கு எப்போதும் பதில் உண்டு, வதாத். உனக்கே தெரியும், அதுதான் உனக்கு என்மேல் உள்ள பெரிய குறை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் முன்பே ஒருமுறை பதில் எழுதாமல் விட்டிருந்தேன். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. நீ கேட்டதும் இதே கேள்விதான். அதைத் தாண்டிப் போனேன் என்று எழுதியிருந்தாய். ஆம், தாண்டித்தான் போனேன். ஆறு வயதுப் பெண்ணை அப்படித் தாண்ட முடியவில்லை. அவள் வழியில் நின்றிருந்தாள்.

"வரலன்னா, வேற யாராவது வரணும்," என்றேன். நதா யோசித்துவிட்டுச் சரி என்று போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

வேலை கிடைத்துவிட்டது. அக்டோபர் முதல் திங்கள் தொடங்க வேண்டும். மதர் கை கொடுத்துவிட்டு, "இப்போ பேசலாமா, அந்த உடையப் பத்தி?" என்றார்.

"பள்ளி சொல்லிக் கழட்ட மாட்டேன், மதர். ஆனா பள்ளி தொடங்கறதுக்கு முன்னால கழட்டியிருப்பேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்குப் பெரிய வித்தியாசம்."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. படித்த பெண்மணி.

வரும் வழியில் கடைத்தெருவில் ஒரு கடையில் ஏறித் துணி எடுத்தேன். எனக்கு அடர்நீலம். கூடவே ஆலிவ் பச்சையில் இன்னொன்று. நீ கல்யாணத்துக்கு முன்பு அந்த நிறத்தில் ஒரு சட்டை வைத்திருந்தாய், கழுத்தில் வெள்ளைப் பட்டை. அது உனக்குப் பொருந்தியது. அப்போது சொல்லவில்லை, நீ அதிகம் கண்ணாடி பார்க்கிறவள் என்பதால்.

பதினான்காம் தேதி சிலுவைத் திருநாள். மாலையில் மேட்டில் நெருப்பு ஏற்றுவார்கள். அதற்கு முன்பு நான் கறுப்பைக் கழற்றிவிடுவேன். யார் வந்து சொன்னாலும், சொல்லாவிட்டாலும். நீ வந்து சொன்னால் அது நம் வழக்கப்படி நடந்ததாக இருக்கும், நீயும் பூசையில் தலை நிமிர்ந்து உட்காரலாம். வராவிட்டால் நானே கழற்றியதாக இருக்கும், அதையும் நான் தலை நிமிர்ந்தே செய்வேன். அந்த நீலக் கோட்டு உடையை இனி உடுத்தப் போவதில்லை, எரிக்கவும் மாட்டேன். திரும்ப அலமாரிக்குப் போகும்.

உன் கறுப்பைப் பற்றி. சாவ் பாவ்லோவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். நான் வருவேன். நான் உன் கணவன் வீட்டாள் இல்லை, எனக்கு அந்த உரிமை கிடையாது. தெரிந்துதான் எழுதுகிறேன். யாராவது கேட்டால், ஒதெத் உரிமையில்லாமல் வந்தாள் என்று சொல். பச்சைத்துணியோடு உன் வாசலில் நின்று, "போதும், மாத்திக்கோ," என்று சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கட்டும். எந்த வகுப்பு என்று கேட்டாளே, முதல் வகுப்பு என்று நானே அவளுக்குச் சொல்கிறேன்.

இரண்டில் எது முதலில் என்பதை மட்டும் நீ முடிவு செய். பதினான்காம் தேதிக்கு முன்பு நீ இங்கே வருகிறாயா, அல்லது அதே நாளுக்குள் நான் அங்கே வரட்டுமா? மித்ரி வெள்ளிக்கிழமை காலை திரும்புகிறார். வாய்ப்பேச்சாகச் சொல்லி அனுப்பாதே. தேதி போட்டு, எழுதி அனுப்பு.

ஒதெத்